பதினேழாவது கட்டம்: முட்டை

என் அத்தை கடையில் முட்டை வாங்கும்போது முட்டை என்று சொல்லமாட்டாள். அட்டையில் அடுக்கி வைத்திருப்பதைக் கையால் காட்டி, "அதுல ஆறு குடுங்க" என்பாள். கடைக்காரர் வேண்டுமென்றே பக்கத்திலிருக்கும் சோப்பை எடுத்துக் காட்டுவார். "இதுவா அக்கா? இல்ல, இதுவா?"

"கண்ணு தெரியலைன்னா கடையைச் சாத்துங்க."

"அதென்ன அக்கா, வீட்டுக்காரர் பேரு மாதிரி வாயில வரவே மாட்டேங்குது?"

"அவரு பேரைக்கூட தாராளமாச் சொல்லுவேன். கேக்கத்தான் ஆளு இல்ல" என்று அத்தை ஆறையும் பையில் வாங்கிக்கொண்டு நடப்பாள். லாரி ஓட்டப் போன மாமா திரும்பி வராமல் போனதை இப்படி ஒரு வரியில் முடித்துவிடும் ஒரே ஆள் அவள்தான்.

ஆறு வருடம் இதைக் கவனித்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி தன் மகள் கணக்கில் முட்டை வாங்கிவிட்டாள் என்று புலம்பினால், அத்தை ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல எழுந்து உள்ளே போய்விடுவாள். கேட்பவர்களுக்கு அது வேடிக்கை. எனக்குக் காரணம் தெரியும். காரணத்தில் பாதி நான்.

பள்ளத்தாக்கின் அடியில், ஆறு வளைகிற இடத்தில் எங்கள் ஆய்வு நிலையம். தகரக் கூரை போட்ட மூன்று அறைகள். முதல் அறையில் செடிகளைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கல்லை ஏற்றிக் காய வைத்திருப்பார்கள். நடு அறை டாக்டருடையது. மூன்றாவது ரேடியோ அறை: ஒரு மேசை, ஒரு வாக்கி டாக்கி, சார்ஜரில் செருகிய பேட்டரிகள், சுவரில் இரண்டு சரிவுகளின் வரைபடம். பின்னால் இரண்டே அறை கொண்ட அத்தையின் குவார்ட்டர்ஸ். பள்ளிக்கூடம் பக்கத்தில் என்பதால் ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அங்கேதான்.

டாக்டரம்மா என்றால் தாவரங்களின் டாக்டர். அவர் வந்த முதல் வருடம் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் இருமலோடு வந்து வாசலில் நின்றார்களாம். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் ஒரு டப்பா இருமல் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டார்.

அத்தை அங்கே சேர்ந்தது பெருக்கித் துடைக்க. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஒருநாள் ஆள் போதாமல், கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க அவளைச் சரிவுக்குக் கூட்டிப் போனார்கள். நான்கு மூலையிலும் இரும்புக் கம்பி நட்டு, கயிறு கட்டி, அந்தக் கட்டத்துக்குள் முளைத்திருக்கும் மரக்கன்றுகளை எண்ண வேண்டும். டாக்டர் குனிந்து குனிந்து எண்ணி, "அம்பத்திரண்டு" என்றார். கயிற்றைப் பிடித்திருந்தவள், "அம்பத்திமூணும்மா. ஒண்ணு உங்க செருப்புக்கு அடியில இருக்கு" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து எண்ணுவது அத்தை, கயிறு பிடிப்பது வேறு ஆள்.

அத்தை படித்தது மூன்றாவது வரை. கம்பிகளில் பெயின்ட்டால் எழுதிய எண்களைப் படிப்பாள். எழுத்துக் கூட்டினால் தலைப்புகளைக்கூடப் படித்துவிடுவாள். எழுத மட்டும் வராது. அதனால் அவள் மேலிருந்து வாக்கியில் சொல்ல, கீழே ஒருவர் தாளில் எழுதுவார். சரிவில் எப்போதும் கரகரப்புதான். "இல்ல" என்று அவள் சொன்னால் கீழே "ஏழு" என்று கேட்கும். கன்றே இல்லாத கட்டங்களில் ஏழு கன்று முளைத்து, ஒரு வருடக் கணக்கே குளறுபடியான பிறகு, அத்தையே வழி சொன்னாள்: "இல்லைன்னா இனிமே முட்டைன்னு சொல்றேன். எந்தக் கரகரப்புலயும் முட்டை முட்டைதான்." அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் பூஜ்யத்துக்கு முட்டை என்று பெயர். தபால்காரர்கூட, "இன்னைக்குக் கடிதம் முட்டை" என்றுதான் சொல்வார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. தாவரவியல். அத்தை அதைச் சட்டம் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினாள். தலை சீவும்போதெல்லாம் இரண்டையும் பார்க்கலாம் அல்லவா. எழுதும் வேலையை எனக்குக் கொடுக்கும்படி டாக்டரிடம் கேட்டதும் அவள்தான். ஆனால் நான் மேசையில் தாளுக்கு அடியில் வேறொரு தாள் வைத்திருந்தேன். நகரத்தில் ஒரு வேலைக்கான விண்ணப்பம். அத்தையின் குரலைக் கேட்டுக்கொண்டே அதை நிரப்புவேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் தாளில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது. பக்கி. சருகின் மேலேயே முட்டையிடும் பறவை. கூடு கிடையாது. சருகு நிறத்திலேயே இருக்கும், நாம் மிதிக்கப்போகும்வரை அசையாது. பேராசைக்காரனைப் பக்கி என்று திட்டுவது எந்தப் புண்ணியவான் ஆரம்பித்ததோ, அந்தப் பறவை ஒரு முட்டைக்காக நாள் முழுக்கப் பட்டினி கிடந்து உட்கார்ந்திருப்பதை அவன் பார்த்ததில்லை. கன்று எண்ணும்போதே பக்கி இருக்கிறதா என்றும் சொல்லும்படி டாக்டர் அத்தையிடம் கேட்டுக்கொண்டார். காரணம் இருந்தது. கோடையில் காட்டுத்தீ பரவாமலிருக்க, ஏதாவது ஒரு சரிவில் சருகை முன்கூட்டியே எரித்துத் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். பழைய கோடு மண்சரிவில் போய்விட்டது. கிழக்குச் சரிவா, மேற்குச் சரிவா, எதில் பக்கி இல்லை என்று வன அலுவலகம் கேட்டிருந்தது.

கிழக்குச் சரிவில் அறுபது கட்டம். நான் எழுதிய தாளில் பக்கி பத்தியில் அறுபதும் பூஜ்யம். மேற்குச் சரிவின் நாற்பத்துநான்கு கட்டங்களில் பாதிதான் முடிந்திருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டு, கிழக்கு என்று அனுப்பிவிட்டார்.

தீ வைக்கும் நாள் காலை. மணி ஒன்பது இருக்கும். அத்தை தேநீரை ஆற்றிக்கொண்டே, போகிற போக்கில் கேட்டாள்.

"ஏண்டி, பதினேழுல குஞ்சு வந்திருக்குமா?"

"என்ன குஞ்சு?"

"பக்கிக் குஞ்சு. பன்னெண்டு நாளாச்சே."

"பதினேழுல பக்கி இல்லையே, அத்தை."

"இல்லையா? நான்தான் சொன்னேனேடி, பதினேழு, கன்று நாலு, பக்கி முட்டைன்னு."

என் கையில் இருந்த டம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"முட்டைன்னா… சைபர்னு எழுதினேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "கிழக்குச் சரிவுக்கா இன்னைக்கு நெருப்பு?" என்று மட்டும் கேட்டாள். செருப்பை மாட்டும்போதே, "டாக்டர்கிட்ட ஓடு" என்றாள். தன் வாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, குறுக்குப் பாதையில் ஏறத் தொடங்கினாள். எண்ணுவதற்காக ஏறும்போது நாற்பது நிமிடம் ஆகும் ஏற்றம் அது.

டாக்டர் நான் சொன்னதை இரண்டு முறை கேட்கவில்லை. தொலைபேசியில் வன அலுவலகத்தைப் பிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. மறுமுனையில் இருந்தவர் சாவகாசமாகப் பேசினார். "கிழக்குன்னு கடிதம் அனுப்பினது நீங்கதானே டாக்டர்? வேண்டாம்னா அதுக்கும் ஒரு கடிதம் அனுப்புங்க. அதிகாரி வெளிய போயிருக்கார்."

"ஐயா, கடிதம் வர்றதுக்குள்ள எரிஞ்சு முடிஞ்சிடும்."

"அப்ப ஸ்பாட்டுல இருக்கற மேஸ்திரிகிட்டப் பேசுங்க. அங்க போன் எடுக்காது."

நான் ரேடியோ அறைக்கு ஓடினேன். "அத்தை, எங்க இருக்க? ஓவர்."

மூச்சுதான் முதலில் வந்தது. "புகை தெரியுதுடி. கீழ இருந்து ஆரம்பிச்சிருக்கானுங்க. ஒண்ணாம் நம்பர் பக்கத்துல."

"இன்னும் எத்தனை தூரம்?"

கரகரப்பு. நான் வரைபடத்தில் ஒன்றிலிருந்து பதினேழு வரை விரலால் நடந்து பார்த்தேன். விரலுக்கு எட்டு அங்குலம்.

அப்போதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு நாள் முன்பு, பதினேழாவது கட்டத்தைச் சொல்லும்போது அத்தையின் குரல் தணிந்திருந்தது. கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. பேட்டரி தீர்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் விண்ணப்பத்தில் அப்பா பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். பூஜ்யத்தை யாராவது கிசுகிசுப்பார்களா? பறவை எழுந்துவிடக் கூடாது என்றுதானே கிசுகிசுப்பார்கள்? மூன்று வருடம் தாவரவியல் படித்தவளுக்கு இது உறைக்கவில்லை.

திடீரென்று வாக்கியில் ஆட்களின் சத்தம் வந்தது. அத்தை பதற்றத்தில் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறாள். அவள் விடும்வரை என்னால் பேச முடியாது. கேட்க மட்டும்தான் முடியும்.

"அக்கா, தள்ளுங்க, தள்ளுங்க. காத்து மேல ஏறுது." இது மேஸ்திரி.

"நெருப்பை நிறுத்து. மேல பக்கி ஒக்காந்திருக்கு."

"உங்க ஆபீஸ் பேப்பர் என் பையில இருக்கு. அறுபது கட்டமும் சைபர். கையெழுத்து, சீல், எல்லாம் இருக்கு."

"அந்த சைபரைச் சொன்னதே நான்தான்யா! நான் முட்டைன்னு சொன்னேன்."

"பேப்பர்லயும் முட்டைதானே போட்டிருக்கு. அப்புறம் என்ன?"

"அது அந்த முட்டை. நான் சொன்னது இந்த முட்டை!"

யாரோ சிரித்தார்கள். "வெயில்ல ஏறி வந்ததுல அக்காவுக்குக் கிறுகிறுத்துடுச்சு. தண்ணி குடுங்கடா."

"தண்ணியை நெருப்புல ஊத்து" என்றாள் அத்தை. அவள் குரல் உடைந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மாமா போனபோதுகூட. "தம்பி, பத்தே நிமிஷம். என்கூட வந்து பாரு. இல்லைன்னா நானே உன் கையால கொளுத்தச் சொல்றேன்."

"பத்து நிமிஷத்துல காத்து திரும்பிச்சுன்னா என் ஆளுங்க வெந்துடுவாங்க அக்கா. எனக்கும் மேல பதில் சொல்லணும்."

"அப்ப நான் பதினேழுல போயி ஒக்காந்துக்கறேன். என்னையும் சேர்த்துக் கொளுத்து. பேப்பர்ல நானும் சைபர்தான்."

சருகு நொறுங்கும் சத்தம். அவள் நடக்கிறாள். பின்னாலேயே கனமான பூட்ஸ் சத்தம். நெருப்பு சடசடப்பது கேட்டது. அல்லது கரகரப்பாக இருக்கலாம். டாக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"எங்க?" என்றார் மேஸ்திரி. "ஒண்ணும் இல்லையே."

"கால எடுக்காத."

"ஏன்?"

"உன் இடது பூட்ஸுக்கு ஒரு சாண் முன்னால பாரு."

பிறகு ஒரு சிறகடிப்பு, துணியை உதறுவதுபோல. மேஸ்திரியின் குரல் மாறியிருந்தது. "ஐயோ. எம்மாடி. இது… இது சருகுன்னு இல்ல நினைச்சேன்." பிறகு திரும்பிக் கத்தினார். "டேய்! அணைங்கடா! பச்சைக் கிளையை ஒடிங்க, அடிங்க! அந்த டேங்கைத் தூக்கிட்டு வா!"

அடிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்புறம்தான் அத்தை பொத்தானை விட்டாள். மறுபடி அழுத்தி, "பதினேழு. பக்கி…" என்றாள். நிறுத்தினாள். "இருக்குடி. ஒண்ணு. ஓவர்."

நெருப்பு ஒன்பதாவது கட்டத்தைத் தாண்டாமல் நின்றது. ஒன்று முதல் ஒன்பது வரை கருகிவிட்டது.

மாலையில் டாக்டர் அறையில் அந்தத் தாள் மேசைமேல் விரித்திருந்தது. அத்தை உட்காரவில்லை. முழங்கை வரை கரி. டாக்டர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்க நான் தயாராகிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நொடி இருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"அவ எழுதினது சரிதான்மா" என்றாள் அத்தை. "முட்டைன்னா சைபர்னு நான்தான் எல்லாரையும் பழக்கினேன். அந்த வாயாலயே முட்டைன்னு சொன்னது என் தப்பு."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"தப்பு யாரோடதுன்னு நான் கேக்கல" என்றார் டாக்டர். "கிழக்குல மொத்தம் எத்தனை முட்டை பார்த்தீங்க?"

அத்தை யோசித்தாள். "மூணு பார்த்தேன். ஆனா மூணும் கிழக்குலயான்னு… அந்த வாரமே மேற்குலயும் நடந்தேனேம்மா."

"எந்த எந்தக் கட்டம்?"

"பதினேழு. அப்புறம் மேல, பாறைக்குப் பக்கத்துல, முப்பத்தெட்டோ முப்பத்தொம்பதோ. மூணாவது…" அவள் கண்ணை மூடினாள். "இல்லாத கட்டத்துலயும் பழக்க தோஷத்துல பக்கி முட்டைன்னு சொல்லியிருப்பேன். அதான் குழம்புது. இருங்க. நெனச்சுச் சொல்றேன்."

மறுநாளிலிருந்து நான்கு நாள், அவளும் நானும் மிச்சமிருந்த ஐம்பத்தோரு கட்டங்களையும் மேற்குச் சரிவையும் திரும்ப நடந்தோம். முப்பத்தெட்டில் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அத்தை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. மூன்றாவது எங்கேயும் இல்லை. மேற்கில் இருந்திருந்தால், கீரி எடுத்திருக்கலாம். அல்லது அது ஒன்று முதல் ஒன்பதுக்குள் இருந்திருக்கலாம்.

ஐந்தாவது நாள் கருகிய கட்டங்களில் முழங்காலிட்டுச் சாம்பலைக் கையால் அளைந்தோம். நான்காவது கட்டத்தில் வெள்ளையாக ஒன்று மின்னியது. அத்தை அதை எடுத்து ஊதினாள். நத்தை ஓடு. அதைத் தன் முந்தானையில் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து நான் டாக்டரிடம் போய் விண்ணப்பத்தைப் பற்றியும் கிசுகிசுப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னொரு தடவை அப்படிக் கிசுகிசுத்தாங்களா? எந்தக் கட்டத்துல?" என்று கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால்தானே தெரியும். டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் ஒன்பது கட்டங்களின் பூஜ்யங்களையும் அழித்தார். பூஜ்யம் என்றால் பார்த்தேன், இல்லை என்று அர்த்தம். வெறுமனே விட்டால் பார்க்கவில்லை என்று அர்த்தம். இது இரண்டும் இல்லை. அதனால் ஓரத்தில் பென்சிலால் 'பாக்கி' என்று எழுதினார். அத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "பக்கிக்கு எதுக்குடி ஒரு கால் கூட முளைச்சிருக்கு?"

"பக்கி இல்ல அத்தை. பாக்கி."

"ஓ" என்றாள். "என் பேருலயா?"

டாக்டர்தான் பதில் சொன்னார். "உங்க பேருலதான். நெனவு வந்ததும் சொல்லுங்க. பேனாவால எழுதிடறேன்."

அதன்பின் பூஜ்யத்துக்கு 'காலி' என்று சொல்ல ஆரம்பித்தோம். முட்டை என்ற சொல் அத்தையின் வாயிலிருந்தே போய்விட்டது. நான் நகரத்துக்குப் போகவில்லை. பாசமா, குற்ற உணர்ச்சியா, வெறும் பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதன்பின் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், புதுத் தாள்களை அடுக்கும்போது டாக்டர் தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்ப்பார். கேட்கமாட்டார். அத்தை தானாகவே சொல்வாள்: "இன்னும் வரலம்மா." துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிடும். கண் எங்கோ போகும். அவள் சரிவில் நடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று. சில சமயம் அவளுக்கு நினைவு வந்துவிட்டதோ, எரிந்தது உறுதியாகிவிடும் என்றுதான் சொல்லாமலிருக்கிறாளோ என்று தோன்றும். அப்படி ஒளிக்கிற ஆள் அவள் இல்லை. ஆனால் அன்று டாக்டர் அறையில் எனக்காக ஒளித்தவளும் அவள்தான்.

போன மழைக்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி, மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தாள். எட்டாவது நாள் மத்தியானம், காய்ச்சலில் கண்ணைத் திறக்காமல் பேசினாள். "தூத்தல் போடுது… கன்று ரெண்டு…" பிறகு குரலைத் தணித்து, அதே கிசுகிசுப்பில், "பக்கி…"

"எந்தக் கட்டம் அத்தை?" குனிந்து காதில் கேட்டேன். இந்த முறை கேட்டேன். "அத்தை, நம்பர் சொல்லு. எந்த நம்பர்?"

உதடு அசைந்தது. ஆக்சிஜன் குழாயின் இரைச்சல்தான் கேட்டது. ஓவர் என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் இறந்துவிட்டாள்.

அந்த வருடத் தாளை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டில் கன்று ஆறு, அவள் சொன்னது அதை இல்லை. இரண்டு கன்று என்று எழுதிய கட்டங்கள் கருகிய ஒன்பதில் இரண்டு இருக்கின்றன, நான்கும் எட்டும். மேற்கில் ஐந்து இருக்கின்றன. தூறல் எந்த நாள் என்று நான் குறிக்கவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மூடிவிட்டார். பக்கி என்ற தலைப்புக்குக் கீழே ஒன்பது கட்டங்களும் அப்படியே இருக்கின்றன. ஓரத்தில் பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது. பாக்கி, அத்தை பேரில்.